நீலகிரித் தைலமும் நுரையும்: ஒரு குப்பை மேடு பணமான கதை

ரேஷன் அரிசியில் கல் கிடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எங்கள் பாட்டி இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்வார். அரிசியைத் தண்ணீரோடு சேர்த்து ஓர் ஆட்டு ஆட்டுவார், அரிசி மட்டும் அடுத்த பாத்திரத்துக்கு நழுவி ஓடும். கடைசியில் அடியில் ஒரு பிடி கல் தங்கியிருக்கும். அதைத் தெருவில் வீசிவிட்டு, "அரிச்சாச்சு" என்பார். கனமானது அடியில் தங்கும், லேசானது நகரும். இவ்வளவுதான் சூத்திரம்.

சுரங்கக்காரர்களும் பல நூற்றாண்டுகளாக இதைத்தான் செய்தார்கள். பாட்டி கல்லை வீசி அரிசியை வைத்துக்கொள்வார், அவர்கள் லேசான மண்ணை விட்டுவிட்டு அடியில் தங்கும் கனமான தாதுவை எடுத்துக்கொள்வார்கள். வித்தியாசம் அது ஒன்றுதான்.

சரி, அரிசியும் கல்லும் ஒரே எடையில் இருந்துவிட்டால்? பாட்டி என்ன செய்திருப்பார்?

ஆஸ்திரேலியாவில் ஓர் ஊரே இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு முழித்தது. அந்த ஊர் கண்டுபிடித்த விடையால்தான் இன்று உங்கள் கையிலிருக்கும் போனுக்குள் செம்பு இருக்கிறது, வீட்டுக் கூரைத் தகட்டில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் முதல் பாடத்திலேயே 'நுரை மிதப்பு முறை' என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோமே, அதுதான் அந்த விடை. மார்க் வாங்கியதோடு மறந்துவிட்டோம். அதற்குப் பின்னால் பீர், கோர்ட் கேஸ், நம் ஊட்டித் தைலம் எல்லாம் இருப்பதைப் புத்தகம் சொல்லவில்லை.

ஆடு மேய்க்கும் பண்ணையில் ஒரு மலை

சிட்னியிலிருந்து மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பாலைவனத்தின் விளிம்பில் இருக்கிறது ப்ரோக்கன் ஹில். 1883ல் அங்கே ஊரே இல்லை, ஆட்டுப் பண்ணைதான் இருந்தது. பண்ணையின் வேலியைச் சுற்றிப் பார்க்கும் வேலையில் இருந்தவர் சார்லஸ் ராஸ்ப் என்ற ஜெர்மானியர். உடைந்த முதுகெலும்புபோல நீண்டிருந்த ஒரு கருப்புக் குன்றைப் பார்த்து, 'இது வெள்ளீயத் தாதுவாக இருக்குமோ' என்று சந்தேகப்பட்டார். பண்ணையில் வேலை செய்த ஏழு பேர் பங்கு போட்டு இடத்தைப் பதிவு செய்தார்கள்.

அது வெள்ளீயம் இல்லை. உலகத்தின் மிகப்பெரிய வெள்ளி, ஈயம், துத்தநாகப் படிவங்களில் ஒன்று அது. பூமராங் வடிவத்தில் சுமார் ஏழு கிலோமீட்டர் நீளம். 1885ல் அவர்கள் தொடங்கிய கம்பெனிதான் ப்ரோக்கன் ஹில் ப்ரொப்ரைட்டரி. இன்று பிஹெச்பி என்ற பெயரில் உலகின் ராட்சத சுரங்க நிறுவனங்களில் ஒன்று.

மேல்மட்டத்தில் கிடைத்த தாது மழையிலும் காற்றிலும் பட்டு மாறிப்போன ஆக்சைடு வகை, வெள்ளி நிறைந்தது. உலையில் போட்டால் உருகிக் கொட்டியது. பங்குதாரர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். ஆனால் தோண்டத் தோண்ட அந்த நல்ல தாது தீர்ந்துகொண்டே வந்தது. அதற்குக் கீழே சல்ஃபைடு தாது காத்திருந்தது. கந்தகத்தோடு கலந்த ஈயம், கந்தகத்தோடு கலந்த துத்தநாகம், நடுவே வெள்ளி, எல்லாவற்றையும் பிணைத்துக்கொண்டு கல். மாவரைத்த மாதிரி நுணுக்கமான கலப்பு.

ஈயத் தாதுவான கலினா தண்ணீரைவிட ஏழரை மடங்கு கனம். அரித்தால் அடியில் தங்கிவிடும், பாட்டியின் முறையே போதும். துத்தநாகத் தாதுவான ஸ்பேலரைட்தான் வில்லன். அது நான்கு மடங்கு கனம். அதோடு கலந்திருந்த கார்னெட், ரோடோனைட் கற்களும் ஏறக்குறைய அதே எடை. எத்தனை முறை அரித்தாலும் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே தங்கும்.

என்ன செய்தார்கள்? ஈயத்தை எடுத்துக்கொண்டு மீதியை வெளியே கொட்டினார்கள். வருஷக்கணக்கில் கொட்டினார்கள். ஊருக்கு நடுவே சாம்பல் நிற மலைகள் வளர்ந்தன. ஒவ்வொரு மலைக்குள்ளும் லட்சக்கணக்கான டன் மண், அதற்குள் ஏராளமான துத்தநாகம், கொஞ்சம் ஈயம், கொஞ்சம் வெள்ளி. கண்ணெதிரே பணம், எடுக்க வழியில்லை. அந்தக் காலத்துப் பொறியாளர்கள் இதற்கு 'சல்ஃபைடு பிரச்னை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தீர்வு கிடைக்காவிட்டால் சுரங்கங்களை மூட வேண்டியதுதான் என்ற நிலை.

சோடாவில் விழுந்த உலர்திராட்சை

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூப்பிடுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் கோலி சோடாவோ, சாதா சோடாவோ ஊற்றுங்கள். நாலைந்து உலர்திராட்சையைப் போடுங்கள்.

முதலில் அடியில் போய் உட்காரும். பிறகு அதன் சுருக்கங்களில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் ஒட்டும். கொஞ்ச நேரத்தில் திராட்சை மெதுவாக எழுந்து மேலே வரும். மேலே வந்ததும் குமிழ் உடையும், திராட்சை மறுபடி மூழ்கும். குழந்தைகள் அரை மணி நேரம் வேடிக்கை பார்ப்பார்கள், உத்தரவாதம்.

தண்ணீரைவிடக் கனமான பொருளும் குமிழைப் பிடித்துக்கொண்டால் மிதக்கும். கனமானது அடியில் தங்கும் என்ற பாட்டியின் விதி தலைகீழாகிறது. இனி கேள்வி எடையைப் பற்றியதே அல்ல. யார் குமிழோடு ஒட்டிக்கொள்வார், யார் தண்ணீரோடு ஒட்டிக்கொள்வார் என்பதுதான் கேள்வி.

சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருளுமே, அதுபோல சில தாதுக்களின் மேற்பரப்புக்கு எண்ணெய் பட்டால் தண்ணீர் பிடிக்காது. சாதாரணக் கல்லுக்கு அப்படியில்லை, அது தண்ணீரில் நன்றாக நனையும். எனவே பொடித்த தாதுவில் தண்ணீரும் துளி எண்ணெயும் சேர்த்துக் குமிழ் விட்டால், தாது குமிழோடு மேலே போகும், கல் அடியில் நிற்கும்.

இதை ப்ரோக்கன் ஹில் கண்டுபிடிப்பதற்கு முன்பே சிலர் கண்டுபிடித்திருந்தார்கள். 1877ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பெஸல் சகோதரர்கள், பென்சிலுக்கான கிராஃபைட்டை எண்ணெயும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவைத்துப் பிரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். கொதிக்கும்போது வரும் குமிழ்கள் கிராஃபைட்டைத் தூக்கின.

அடுத்து, அமெரிக்காவில் கேரி எவர்சன். சிகாகோவில் ஒரு டாக்டரின் மனைவி. கணவர் சுரங்கத்தில் முதலீடு செய்து பணத்தை இழந்தார். இந்தப் பெண்மணி புத்தகங்களைப் படித்து, சொந்தமாகச் சோதனை செய்து, எண்ணெயும் அமிலமும் சேர்த்தால் தாதுவைப் பிரிக்கலாம் என்று 1886ல் காப்புரிமை பெற்றார். சுரங்க உலகம் கண்டுகொள்ளவில்லை. பிற்காலத்தில் அவரைப் பற்றி ஒரு கதை கட்டினார்கள். அவர் ஒரு பள்ளி ஆசிரியை என்றும், எண்ணெய்ப் பிசுக்கான தாதுச் சாக்கைத் துவைத்தபோது தற்செயலாக இதைப் பார்த்தார் என்றும். படித்து, உழைத்துக் கண்டுபிடித்த ஒரு பெண்ணின் அறிவை 'துணி துவைக்கும்போது கிடைத்த அதிர்ஷ்டம்' ஆக்கிவிட்டார்கள். இந்தக் கதை இன்னும் பல இடங்களில் அப்படியே திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது என்பதுதான் எரிச்சல். அவர் 1914ல் இறந்தார். அதற்குள் அவருடைய காப்புரிமைக் காலம் முடிந்து, உலகமெங்கும் நுரைத் தொட்டிகள் பொங்கத் தொடங்கியிருந்தன. அவருக்கு ஒரு பைசா வரவில்லை.

இரண்டு பீர்க்காரர்கள்

மறுபடி ப்ரோக்கன் ஹில். சாம்பல் மலைகளைக் கரைக்க முதலில் வந்தவர்களில் ஒருவர் சார்லஸ் பாட்டர். மெல்போர்னில் பீர் காய்ச்சும் தொழிலில் இருந்தவர். சுரங்கத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால், நுரையைப் பற்றி அவருக்குத் தெரியாததா! கழிவு மண்ணைச் சூடான கந்தக அமிலத்தில் போட்டார். மண்ணிலிருந்த கார்பனேட் கல்லோடு அமிலம் சேர்ந்து கரியமில வாயு பொங்கியது. அந்தக் குமிழ்கள் துத்தநாகத் தாதுவைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தன. கிட்டத்தட்ட நம் சோடா, திராட்சைதான்.

அதே சமயத்தில் பிஹெச்பியின் பொது மேலாளரான கியோம் டெல்ப்ராட் என்ற டச்சுக்காரரும் ஏறக்குறைய இதே முறைக்கு 1902ல் காப்புரிமை கேட்டார். 'என்னுடையதைத் திருடிவிட்டார்' என்று பாட்டர் தரப்பு வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம். இன்று வரலாற்றுப் புத்தகங்கள் இருவர் பெயரையும் ஒட்டவைத்து 'பாட்டர் - டெல்ப்ராட் முறை' என்கின்றன. ஒரு துணுக்கு: இந்த டெல்ப்ராட்டின் மகள் பகீட்டாவைத்தான் அன்டார்டிகாவில் தனியாளாகப் பனியில் நடந்து உயிர் பிழைத்துத் திரும்பிய டக்ளஸ் மாசன் கல்யாணம் செய்துகொண்டார்.

இரண்டாவது பீர்க்காரர் ஆகஸ்ட் டி பாவே, பெல்ஜியத்தில் பிறந்தவர், மெல்போர்ன் பீர் ஆலைகளின் ரசாயன நிபுணர். அவரும் ஒரு மிதப்பு முறையைக் கண்டுபிடித்தார், அதற்கும் ஒரு கம்பெனி உருவானது. இந்தக் குப்பை மலைகளை வாங்கிப் பணமாக்க 1905ல் தொடங்கிய ஜிங்க் கார்ப்பரேஷனில் முக்கியப் பங்காற்றிய ஓர் இளம் அமெரிக்கப் பொறியாளரின் பெயர் ஹெர்பர்ட் ஹூவர். ஆமாம், பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அதே ஹூவர்தான்.

இதற்கிடையே லண்டனில் மினரல்ஸ் செப்பரேஷன் என்ற கம்பெனி ஒரு பெரிய ரகசியத்தைப் பிடித்தது. அதுவரை எல்லோரும் எண்ணெயை ஏராளமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் தாதுவின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக எண்ணெய் விட்டு, காற்று கலக்கும்படி பலமாகக் கடைந்தார்கள். மோர் கடைந்தால் வெண்ணெய் திரள்வதுபோல, தாது நுரையாகத் திரண்டது. 1905ல் காப்புரிமை. பிறகு யார் நுரைத்தொட்டி வைத்தாலும் வக்கீல் நோட்டீஸ்! அமெரிக்காவின் மொன்டானாவில் ஹைட் என்ற முன்னாள் ஊழியர் மீது போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1916ல் கம்பெனி ஜெயித்தது. காப்புரிமை 'ஒரு சதவீதத்துக்குக் குறைவான எண்ணெய்'க்குத்தானே? அப்படியென்றால் ஒரு சதவீதத்துக்கு மேல் ஊற்றுவோம் என்று ஒரு சுரங்கம் வேண்டுமென்றே கூடுதலாக எண்ணெய் ஊற்றியது. அதற்கும் வழக்கு. 1919ல் அதே சுப்ரீம் கோர்ட், காப்புரிமை ஒரு சதவீதத்துக்குக் கீழேதான் செல்லும் என்று சொல்லிவிட்டது. எண்ணெயை வீணாக்கினால் சட்டப்படி சரி, சிக்கனமாக இருந்தால் குற்றம். வேடிக்கையான நியாயம்தான்.

தைல மரம் தந்த விடை

இவ்வளவு ஆகியும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. கல்லிலிருந்து தாது பிரிந்துவிட்டது. ஆனால் ஈயமும் துத்தநாகமும் சேர்ந்தே நுரையில் ஏறின. இரண்டும் சல்ஃபைடு, இரண்டுக்கும் எண்ணெய் பிடிக்கும். கலந்து போனால் உருக்காலை வாங்காது, வாங்கினாலும் விலையைக் குறைக்கும்.

இதை அவிழ்த்தவர் விஞ்ஞானப் பட்டம் பெற்றவரல்ல. ஜேம்ஸ் லிஸ்டர் என்ற ஆலைப் பணியாளர். 1912ல் அவர் அமிலத்தையும் சூட்டையும் நிறுத்திவிட்டு, அமிலமில்லாத சாதாரணக் கரைசலில் யூகலிப்டஸ் எண்ணெயைத் துளித்துளியாக விட்டுப் பார்த்தார். ஈயம் மட்டும் நுரையில் ஏறி வந்தது. துத்தநாகம் 'நான் வரவில்லை' என்று கீழேயே நின்றது. ஈயத்தை வழித்து எடுத்த பிறகு, மீதியில் துத்தநாகத்தைத் தனியாகத் தூக்கினால் போதும்.

யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவின் சொந்த மரம். அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்து நம் தைல மரமானது. சளி பிடித்தால் ஆவி பிடிக்கிறோமே, அதே நெடியில்தான் அன்றைய ப்ரோக்கன் ஹில் ஆலைகள் மணத்தன.

மறு வருஷமே பிஹெச்பியில் லெஸ்லி பிராட்ஃபோர்டு இன்னொரு சாவியைக் கண்டுபிடித்தார். கீழே நிற்கும் துத்தநாகத் தாதுவுக்குக் கொஞ்சம் மயில்துத்தம் காட்டினால், அதன் மேற்பரப்பில் செம்பு மெல்லிய பூச்சாகப் படிகிறது. உடனே அதற்கும் மிதக்கும் ஆசை வந்துவிடுகிறது. 1920களில் சயனைடும் துத்தநாக சல்ஃபேட்டும் மிகச் சிறிய அளவில் சேர்த்துத் துத்தநாகத்தை இன்னும் உறுதியாக அடக்கிவைக்கக் கற்றார்கள். எண்ணெயின் இடத்தைச் சாந்தேட் என்ற ரசாயனம் பிடித்தது. அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் அடிக்கும், ஆனால் கெட்டிக்காரப் பொருள். அதன் ஒரு முனை தாதுவைக் கவ்விக்கொள்ளும், மறுமுனை தண்ணீரைக் கண்டு விலகிக் குமிழுக்குள் தலையை நீட்டும்.

இன்றைய ஆலையும் இதே சமையல்தான். கல்லை உடைத்து, பெரிய உருளை ஆலையில் கோலமாவைவிட மெல்லியதாக அரைப்பார்கள். சுண்ணாம்பு போட்டுப் பதம் பார்ப்பார்கள். ரசாயனங்களை ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் சேர்ப்பார்கள். வரிசை மாறினால் எல்லாம் போச்சு, தாளிப்பில் கடுகுக்கு முன் கறிவேப்பிலை போட்ட கதைதான். பிறகு வரிசையாகத் தொட்டிகள். முதல் தொட்டி முரட்டுத்தனமாகப் பிரிக்கும், அடுத்தவை தவறவிட்டதைப் பொறுக்கும், கடைசியில் உள்ளவை சுத்தம் செய்யும். அனுபவமுள்ள ஆபரேட்டர் நுரையைப் பார்த்தே சொல்லிவிடுவார். குமிழ் ரொம்பப் பெரிதா, பளபளப்பு குறைகிறதா, நிறம் வெளுத்துவிட்டதா? இப்போது கேமராக்களும் அந்த வேலையைச் செய்கின்றன.

செம்புக்கு இது இல்லாமல் ஆகவே ஆகாது. இன்று பல சுரங்கங்களில் ஒரு டன் கல்லில் ஐந்து கிலோ செம்புகூட இருக்காது. அதை நேரடியாக உருக்கினால் எரிபொருள் செலவே செம்பின் விலையைத் தாண்டும். நுரைத் தொட்டி வழியாகப் போனால் நூற்றில் 25, 30 பங்கு செம்பு உள்ள பொடியாக வெளியே வருகிறது. நம் நாட்டில் ராஜஸ்தானின் ராம்புரா அகுச்சாவில் ஈயமும் துத்தநாகமும் பிரிவது இதே வரிசையில்தான். முதலில் ஈயம், பிறகு துத்தநாகம். லிஸ்டர் காட்டிய வழி.

தமிழ்நாட்டிலும் இந்த நுரை உண்டு. சிவகங்கைப் பக்கம் தமிழ்நாடு அரசின் டாமின் நிறுவனம் கிராஃபைட் எடுக்கிறது. தோண்டியெடுக்கும் பாறையில் கிராஃபைட் சிறு பங்குதான். அதை அரைத்து நுரைத் தொட்டியில் போட்டுத்தான் கருப்புப் பொடியைப் பிரிக்கிறார்கள். பெஸல் சகோதரர்கள் டிரெஸ்டனில் கொதிக்கவைத்த அதே பொருள்.

கீழே நிற்பது எங்கே போகிறது?

பாற்கடலைக் கடைந்தபோது அமுதம் மட்டுமா வந்தது? ஆலகாலமும் வந்ததே! இங்கேயும் அப்படித்தான். ஒரு டன் கல்லில் ஐந்து கிலோ செம்பு என்றால், மீதியில் மிகப் பெரும்பகுதி மாவாக அரைக்கப்பட்ட சேறு. அதை அணை கட்டித் தேக்குகிறார்கள். அந்த அணை உடைந்தால்?

2015 நவம்பரில் பிரேசிலின் மரியானாவில் உடைந்தது, 19 பேர் இறந்தார்கள். 2019 ஜனவரி 25 அன்று அதே மாநிலத்தில் புருமாடின்யோவில் உடைந்தது. அது மதிய உணவு நேரம். சேறு சுரங்க ஊழியர்களின் உணவுக்கூடத்தையே விழுங்கியது. 270 பேர் பலி. இரண்டும் இரும்புத் தாதுச் சுரங்கங்களின் கழிவு அணைகள். நுரையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லாமல் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

ப்ரோக்கன் ஹில்லுக்கும் அதன் பங்கு வந்தது. மரங்களை உலைக்கும் சுரங்கத் தாங்கலுக்கும் வெட்டிவிட்டதால் ஊரைச் சுற்றி மணற்புயல். 1936ல் ஆல்பர்ட் மோரிஸ் என்ற தாதுப் பரிசோதகரும் அவர் மனைவி மார்கரெட்டும் தூண்டுகோலாக இருந்து, ஊரைச் சுற்றி வேலி போட்டு, ஆடு மாடு நுழையாமல் காத்து, உள்ளூர்ச் செடிகளை வளரவிட்டார்கள். செலவில் முதலில் கைகொடுத்தது அதே ஜிங்க் கார்ப்பரேஷன். புழுதி கணிசமாக அடங்கியது.

ஆனால் ஈயம் அடங்கவில்லை. ஊரின் மண்ணிலும் கூரைத் தூசியிலும் அது இருக்கிறது. தவழும் குழந்தைகள் தரையைத் தொட்டு விரலை வாயில் வைப்பார்கள், அவ்வளவு போதும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் நேர் எதிரி. அதனால் அந்த ஊரில் தடுப்பூசிக்குக் கூட்டிப் போவதுபோலவே, சின்னக் குழந்தைகளை ரத்தத்தில் ஈய அளவு பார்க்கவும் கூட்டிப் போகிறார்கள். 'வெளியே விளையாடிவிட்டு வந்தால் கை கழுவு, பொம்மையைக் கழுவு, தரையை ஈரத்துணியால் துடை' என்பது அங்கே ஒவ்வொரு அம்மாவும் சொல்லும் பாடம்.

2015ல் ப்ரோக்கன் ஹில் ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த முதல் நகரம் அதுதான். ஊரின் நடுவே அந்தக் கழிவு மேடு இன்னும் நீளமாகக் கிடக்கிறது. அதன் இரு பக்கமும் வீடுகள்.